பழவேற்காட்டுப் பொடிமீன்: வலையை நிறுத்துவதா, வாயைத் திறப்பதா?

கூழைக்கடா:
போன ஞாயிறு பழவேற்காடு ஏரியின் படகுத்துறையில் ஒரு கூடை மீன் கொட்டினார்கள். காரப்பொடி, நெத்திலி, நடுவில் மடவைக் குஞ்சு. ஒரு குஞ்சை எடுத்து ஸ்கேலில் வைத்தேன், 5 செ.மீ. விட்டிருந்தால் அரைக்கிலோவைத் தாண்டும் மீன். கூடை மொத்தமும் கோழித்தீவனத்துக்குப் போகிறதாம். மனசே ஆறவில்லை. இந்தப் பொடிமீனைத் தின்றுதான் கொடுவா வளர்கிறது. பக்கத்து நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தில் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடாப் பறவைக்கும் இந்த ஏரிதான் சோறு. கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடை இருக்கிறது. ஏரிக்குள் போடும் சிறு வலைகளை அது தொடாது. மீன்குஞ்சு கடலிலிருந்து ஏரிக்குள் வரும் மாதங்களில் கொசுவலை மாதிரிச் சின்னக் கண்ணி வலைகளை நிறுத்த வேண்டும், மாதாமாதம் பொடிமீன் கணக்கு எடுக்க வேண்டும் என்கிறேன்.

வலைஞன்:
அண்ணே, ஒரு கூடையைப் பார்த்துவிட்டு ஏரிக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். மடவை முட்டையிடுவது கடலில். ஏரி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம் வழியாகத்தான் குஞ்சு உள்ளே வர வேண்டும். கோடையில் மணல் மேடிட்டு அந்த வாய் அடைத்துக்கொள்கிறது. அப்புறம் தண்ணீர் வற்றி, கடலை விட உப்பு ஏறிப்போகிறது. ஒருத்தரும் வலை போடாவிட்டாலும் மீன் எங்கிருந்து வரும்? ஒடிசாவில் சிலிகா ஏரியைப் பாருங்கள். 2000 செப்டம்பரில் புது வாய் வெட்டினார்கள். 2,000 டன்னுக்கும் கீழே கிடந்த மீன்பிடிப்பு சில வருடத்தில் 10,000 டன்னைத் தாண்டியது. வலையை நிறுத்தியா அது நடந்தது?

கட்டுப்பாடும் எங்களுக்குப் புதிதில்லை. இறாலுக்குப் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறோம்.

கூழைக்கடா:
வாய் திறக்கட்டும், நானும் கூட நின்று கேட்கிறேன். ஆனால் திறந்த வாயில் நுழைகிற குஞ்சை அங்கேயே அள்ளிவிட்டால் திறந்து என்ன பயன்? கேரளத்தில் மத்திக்கு 10 செ.மீ. என்று குறைந்தபட்ச அளவே வைத்துவிட்டார்கள். நாம் ஏன் தயங்க வேண்டும்?

வலைஞன்:
அதே கேரளக் கணக்கை முழுசாகச் சொல்லுங்கள். 2012-ல் சுமார் 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2015-ல் அந்த அளவுச் சட்டம் வந்தது. 2021-ல் கிடைத்தது 3,300 டன்கூட இல்லை. சட்டம் இருந்தும் மீன் போய்விட்டது. பொடிமீன் கடலின் சூட்டையும் மழையையும் பார்த்து ஏறி இறங்குகிற சாதி. பழி மட்டும் எப்போதும் வலைக்காரன் தலையில்.

கடல் மாணவி:
அண்ணா, நீங்கள் சொன்ன சிலிகா கணக்கு, மத்திக் கணக்கு இரண்டும் எப்படிக் கிடைத்தன? வருடக்கணக்கில் யாரோ கரையில் நின்று எண்ணியதால்தானே. எண்ணாத ஏரியில் வாய் அடைத்ததால் போச்சா, வலையால் போச்சா என்று நீங்களும் நிரூபிக்க முடியாது, கூழைக்கடா சாரும் முடியாது.

ஆனால் எண்ணுகிற விதம் முக்கியம். கரைக்கு வந்த மீனை மட்டும் எடை போட்டால் ஏமாந்துபோவோம். நாலு மணி நேரம் கிடந்து 3 கிலோ பிடித்தவரும் ஒரு மணி நேரத்தில் 3 கிலோ பிடித்தவரும் அதில் ஒன்றாகத்தான் தெரிவார்கள். அதனால் அதே வலை, அதே இடம், எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். அமாவாசை நீரோட்டத்தில் கிடைத்ததை அஷ்டமி மந்தத்தில் கிடைத்ததோடு ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி மீனின் நீளம், தண்ணீரின் உப்பு, அன்றைக்கு வாய் திறந்திருந்ததா என்பதும் வேண்டும். வெறும் வலையோடு திரும்பிய நாளைக் கட்டாயம் எழுத வேண்டும். அந்த நாள் எந்த ஏலக்கூடத்துக் கணக்கிலும் ஏறாது.

வலைஞன்:
தங்கச்சி சொல்வது ஞாயம். ஆனால் முன்பு ஒரு முறை கணக்கெடுக்க வந்தவர்கள் இரண்டு வாரம் எங்கள் படகிலேயே வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்கள். என்ன தெரிந்தது என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. நாங்கள் கொடுக்கிற எண்ணை வைத்தே நாளை எங்கள் வலையைப் பிடுங்கினால்?

எண்ணூர் அக்கா:
அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கூடவே ஒன்று சொல்கிறேன். பாடு நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதில் பெயர் இல்லாதவர்களும் அந்த ஏரியை நம்பித்தான் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். தடை வந்தாலும் கணக்கு வந்தாலும் அவர்களை யாரும் கேட்பதில்லை.

கூழைக்கடா:
அக்கா சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. தடையைத் தள்ளி வைக்கிறேன். முதலில் ஒரு வருடம் எண்ணுவோம். நோட்டு குப்பத்திலேயே இருக்கட்டும், வெளியே போவது நகல் மட்டும்.

வலைஞன்:
சரி, அப்படியென்றால் ஊரில் பேசுகிறேன். எங்கள் படகில் வெறும் வலை வந்த நாளையும் எழுதுவேன். கண்ணி விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் அக்கா:
தம்பி, அந்த நோட்டில் கையால் பிடிக்கிற பெண்களின் கூடைக்கும் ஒரு பக்கம் விடுங்கள். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமானால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.