அம்மா காதுக்குள் கேட்ட இரைச்சல்

எங்கள் வீடு காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி. விசைப்படகு இன்ஜின் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அம்மா, "வலது காதுல உஸ்ஸு உஸ்ஸுன்னு கேட்டுக்கிட்டே இருக்கு" என்றபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் பார்த்த டாக்டரும் வயதுதான் காரணம் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் அப்படியே போனது.

ஒரு ராத்திரி அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் தரையில் விரலால் தட்டச் சொல்லி, மறு கையில் நாடி பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே போயின. மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னேன், தட்டும் வேகமானது.

மறுநாள் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் காதுக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். அம்மா இத்தனை நாளாகச் சொன்ன அதே சத்தம் எனக்கும் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எம்ஆர்ஐ, அப்புறம் தொடை வழியாகக் குழாய் விட்டுத் தலையின் ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம். 'டியூரல் ஏவி ஃபிஸ்டுலா' என்றார்கள். மூளையைச் சுற்றியுள்ள தடித்த உறையில், தமனி ரத்தம் நுண்குழாய்கள் வழியாகப் போகாமல் நேராகச் சிரைக்குள் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல்தான் இரைச்சல். சிலருக்குக் கண்காணித்து வந்தாலே போதுமாம். அம்மாவுக்கு மூளையின் மேல் உள்ள சின்னச் சிரைகளுக்குள் ரத்தம் எதிர்த்து ஏறியிருந்தது. அவை வெடித்தால் மூளையில் ரத்தக்கசிவு ஆகும் என்பதால் தள்ளிப்போடவில்லை.

மண்டையைத் திறக்கவில்லை. தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயை அந்த இடம் வரை கொண்டுபோய், 'ஓனிக்ஸ்' என்ற கறுப்புத் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார்கள். ரத்தம் பட்டதும் அது இறுகி, அடைத்துவிடுகிறது. மயக்கம் தெளிந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, "நின்னுடுச்சுடி."

ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் எங்களைப் போலப் பயந்துவிட வேண்டாம். அன்று அம்மா மூச்சில் பூண்டு வாடை அடித்தது. ஓனிக்ஸைத் திரவமாக வைத்திருக்கக் கலக்கும் கரைப்பானின் வாடையாம், இரண்டு நாளில் போய்விட்டது.

அடுத்த மாதம் அடைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி ஆஞ்சியோகிராம். அது முடிந்ததும், குழாய் விட்ட காலை மடக்காமல் மணிக்கணக்கில் படுத்திருப்பதை நினைத்துத்தான் அம்மா பயப்படுகிறார், முதுகுவலி உண்டு. இரண்டாம் முறை போய்வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?