ஃபைபர் லைனுக்கு மாறினதிலிருந்து ஃபேக்ஸ் பாதியில் கட் ஆகுது: ஆபீஸுக்கு ஃபேக்ஸ் சர்வர் போடலாமா?

தம்புசெட்டி_கிளியரிங்

மண்ணடி தம்பு செட்டி தெருவில் கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் ஆபீஸ். இரண்டு மாடி, 12 கம்ப்யூட்டர், எல்லாம் விண்டோஸ் 11. இ-சஞ்சித் (கஸ்டம்ஸ் ஆவணங்களை ஆன்லைனில் ஏத்துற வசதி) வந்த பிறகு கஸ்டம்ஸுக்கு ஃபேக்ஸ் தேவைப்படுறதில்லை. ஆனா வெளிநாட்டு ஏஜென்ட் சிலர், சர்வேயர்கள், ஒரு பேங்க் கிளை இன்னும் ஃபேக்ஸ்தான் கேட்கிறாங்க. ஒரு நாளைக்கு 30-லிருந்து 40 பக்கம் போகும், 15 பக்கம் வரும்.

காப்பர் லைனை எடுத்துட்டு ஃபைபர் கொடுத்தாங்க. ஓஎன்டி பாக்ஸில் (ஃபைபர் வந்து முடியுற பெட்டி) இருக்கிற போன் போர்ட்டில்தான் இப்போ ஃபேக்ஸ் மெஷின். ஒண்ணு ரெண்டு பக்கம் போயிடுது, மூணாவது நாலாவது பக்கத்தில் நின்னுடுது. இதோட சேர்த்து, எல்லாரும் அவங்கவங்க சீட்டிலிருந்தே அனுப்பணும், வர்றது பிடிஎஃப்-ஆ மெயிலுக்கு வரணும். எந்த சாஃப்ட்வேர் போடலாம்?

ராயபுரம்_நெட்வொர்க்

சார், சாஃப்ட்வேரை அப்புறம் பார்ப்போம். லைனைச் சரி பண்ணாம சர்வர் போட்டா, இப்போ மெஷினில் வர்ற அதே எர்ரர் சர்வர் லாகில் வரும்.

ஃபேக்ஸ் மோடம், சத்தம் சீரா, ஒரே தாமதத்தோட வரும்னு நம்பி வேலை செய்யுது. காப்பரில் அது நடந்துச்சு. ஃபைபர் போன் போர்ட்டில் அதே சத்தம் ஜி.711-ல் (சத்தத்தை டிஜிட்டலா மாத்துற முறை) 20 மில்லிசெகண்ட் பாக்கெட்டுகளா வெட்டிப் போகுது. பேசும்போது ஒரு பாக்கெட் விழுந்தா காதுக்குத் தெரியாது. 14400 வேக ஃபேக்ஸில் ஒரு பாக்கெட் போனா 288 பிட் காலி. போன் கால் நீள நீள இந்த மாதிரி அடி விழுற வாய்ப்பும் கூடும். முதல் ரெண்டு பக்கம் போய், மூணாவதில் நிக்கிறது அதனாலதான்.

இப்போ இருக்கிற மெஷினிலேயே இதைச் சோதிச்சுப் பாருங்க. மெனுவில் சூப்பர் ஜி3, அதாவது வி.34-ங்கிற அதிவேக ஃபேக்ஸ் முறையை நிறுத்துங்க. அனுப்பும் வேகத்தை 9600-க்கு இறக்குங்க. பெறும் வேகம் தனியா இருக்கும், அதையும் இறக்குங்க. ஓஎன்டி-க்கும் மெஷினுக்கும் நடுவில் இபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச்), பேரலல் போன், ஸ்ப்ளிட்டர் எதுவும் வேண்டாம். அப்புறம் ஆறு பக்கத்தை ஒரே காலில் மூணு தடவை அனுப்புங்க. மூணும் போனா சர்வர் போடலாம்.

போகலைன்னா லைன் கொடுத்தவங்ககிட்ட "இந்த நம்பரில் ஃபேக்ஸ் ஓடணும், டி.38 ஆன் பண்ணுங்க, முடியலைன்னா எக்கோ கேன்சலையும் சைலன்ஸ் சப்ரெஷனையும் ஆஃப் பண்ணுங்க"ன்னு கேளுங்க. டி.38-ங்கிறது ஃபேக்ஸை சத்தமா இல்லாம டேட்டாவாவே அனுப்புற முறை. எக்கோ கேன்சல் எதிரொலியை நீக்கும், சைலன்ஸ் சப்ரெஷன் சத்தமில்லாத நேரத்தை அனுப்பாம விடும். ஓஎன்டி-யின் வாய்ஸ் செட்டிங் பெரும்பாலும் அவங்க கையில்தான். வெறுமனே "ஃபேக்ஸ் வேலை செய்யலை"ன்னு புகார் கொடுத்தா, வந்து டயல் டோன் மட்டும் கேட்டுட்டு போயிடுவாங்க.

குரூப்3

மேலே சொன்னதோட ஒண்ணு. ஈசிஎம்-ஐ (ஃபேக்ஸின் பிழை திருத்தும் முறை) ஆஃப் பண்ணுன்னு எல்லா இடத்திலும் எழுதியிருப்பாங்க. உங்க வேலைக்கு நான் அதைக் கடைசி வழியா மட்டும்தான் சொல்வேன். ஈசிஎம் இருந்தா கெட்டுப்போன துண்டு மறுபடி அனுப்பப்படும், கால் நீளும், சில சமயம் அறுந்தும் போகும். இல்லாட்டி கால் அறுவது குறையும், ஆனா வரி கலைஞ்சு போய்ச் சேரும். கன்டெய்னர் நம்பர் 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் 1 சரிபார்ப்பு இலக்கம். அதில் ஒரு 8 பாதி அழிஞ்சு 3 மாதிரி போனா, போகாத ஃபேக்ஸே தேவலை.

ரெசல்யூஷனும் இதே கதைதான். ஸ்டாண்டர்டில் உயரவாக்கில் ஒரு அங்குலத்துக்கு 98 கோடு, ஃபைனில் 196. 8 பாயின்ட் எழுத்துக்கு ஸ்டாண்டர்டில் மொத்தமே 11 கோடு, இலக்கம் நிக்கிற உயரம் 8 கோடுதான். பில் ஆஃப் லேடிங், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஃபைனிலேயே அனுப்புங்க.

ஊதா ரப்பர் ஸ்டாம்பும் கலர் லெட்டர்ஹெட்டும் நேரத்தைத் தின்னும். ஸ்கேனர் அதை கிரேவா எடுத்தா, ஃபேக்ஸுக்கு மாத்தும்போது புள்ளி புள்ளியா சிதறும், சுருங்காது. வெறும் எழுத்துப் பக்கம் 50 கிலோபைட்னா 9600-ல் 43 செகண்ட். புள்ளி நிறைஞ்ச பக்கம் 500 கிலோபைட்டைத் தொட்டா ஏழு நிமிஷம். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் பண்ணி அனுப்பினாலே பாதிப் பிரச்சினை போயிடும்.

சாஃப்ட்வேருக்கு வர்றேன். உங்க மெஷின் நெட்வொர்க் போர்ட் உள்ள மல்டிஃபங்ஷனா? பலதில் கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்புற பிசி-ஃபேக்ஸ் டிரைவரும், வர்ற ஃபேக்ஸை மெயிலுக்கோ ஃபோல்டருக்கோ தள்ளுற வசதியும் உள்ளேயே இருக்கு. 40 பக்கத்துக்கு அது போதும், செலவே இல்லை. அது இல்லாட்டி ரெண்டு வழி. விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தா அதில் ஃபேக்ஸ் சர்வர் ரோல் இருக்கு (விண்டோஸ் 11-ல் ஃபேக்ஸ் பிரின்டரை ஷேர் பண்ண முடியாது, அதை நம்பி இறங்காதீங்க). இல்லைன்னா பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ், ஹைலாஃபேக்ஸ் (ஃபேக்ஸ் சர்வர் சாஃப்ட்வேர்), ஒரு யுஎஸ்பி ஃபேக்ஸ் மோடம், கிளையன்ட் பக்கம், அதாவது ஒவ்வொருத்தர் கம்ப்யூட்டரிலும், ஃபேக்ஸ் அனுப்பவும் பார்க்கவும் யாஜ்ஹெச்எஃப்சி. எல்லாம் இலவசம், மோடம் மட்டும் காசு.

தம்புசெட்டி_கிளியரிங்

ரொம்ப நன்றி சார். வி.34 ஆஃப், 9600, ஈசிஎம் ஆன்: ஆறு பக்கம் மூணு தடவையும் போயிடுச்சு. மெஷின் பழசு, நெட்வொர்க் போர்ட் இல்லை, அதனால ஹைலாஃபேக்ஸ் போட்டாச்சு. மூணு இடத்தில் நிக்குது. அனுப்பினா டயல் டோன் இல்லைங்குது, அதே வயரில் போன் வெச்சா டோன் கேட்குது. கீழ் மாடி கம்ப்யூட்டரில் லாகின் ஆகுது, ஃபேக்ஸ் லிஸ்ட் வர மாட்டேங்குது. வர்ற ஃபேக்ஸ் மெயிலுக்கு வரலை.

குரூப்3

டயல் டோன்: ஓஎன்டி தர்ற டோனும் மோடம் எதிர்பார்க்கிற டோனும் வேற. மோடம் கான்ஃபிக் ஃபைலில் மோடம்ரீசெட்கமாண்ட்ஸ் (ModemResetCmds) வரியில் ஏடிஎக்ஸ்3 (ATX3)-ங்கிற மோடம் கட்டளையைப் போடுங்க. டோனுக்குக் காத்திருக்காம டயல் பண்ணும், பிஸி டோனை மட்டும் கவனிக்கும். அதே ஃபைலில் நாட்டுக் குறியீடு 91, ஏரியா கோட் 44, எஸ்டிடி முன்னொட்டு 0, ஐஎஸ்டி 00. இதை விட்டா அட்ரஸ் புக்கில் +91 44-னு சேமிச்ச லோக்கல் நம்பர் தப்பா டயல் ஆகும். வி.34 ஆஃப், 9600 ரெண்டையும் மோடத்துக்கும் கட்டுங்க. மெஷினில் மாத்தினது மோடத்துக்கு வராது.

லிஸ்ட் வராதது: ஹைலாஃபேக்ஸ் பேசுறது எஃப்டிபி (ஃபைல் பரிமாற்ற முறை) மாதிரி. லாகின் 4559 போர்ட்டில், லிஸ்டும் ஃபைலும் தனி இணைப்பில். அந்த ரெண்டாவது இணைப்பை கிளையன்ட் ஃபயர்வால் தடுக்குது. யாஜ்ஹெச்எஃப்சி-யில் பேசிவ் மோடை டிக் பண்ணுங்க, அப்போ அந்த இணைப்பையும் கிளையன்ட்டே தொடங்கும்.

மெயில்: நீங்க முகவரி சொல்லாத வரை அது ஃபேக்ஸ்மாஸ்டர்ங்கிற லோக்கல் பெயருக்குப் போகும். ஃபேக்ஸ்டிஸ்பாட்ச் ஃபைலில் ஆபீஸ் மெயிலும் பிடிஎஃப்-னும் எழுதுங்க. மெயில் வெளியே போக போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரி மெயில் அனுப்புற சாஃப்ட்வேர் ஒண்ணும் வேணும். பதற வேண்டாம், வந்த ஃபேக்ஸ் எதுவும் தொலையலை. ரிசீவ்க்யூ ஃபோல்டரில் டிஃப் (TIFF) படமா இருக்கும், எடுத்துக்கலாம். ஃபேக்ஸ்க்ரான் பழசை நீக்கும், எத்தனை நாளைக்குன்னு பார்த்து வையுங்க.

இன்னொண்ணு. நாலாவது பக்கத்தில் கால் அறுந்தா ஹைலாஃபேக்ஸ் அடுத்த காலில் நாலிலிருந்துதான் அனுப்பும். எதிர்ப்பக்கம் ரெண்டு கட்டா வரும், முதல் கட்டைப் பார்த்துட்டு "பாதிதான் வந்துச்சு"ன்னு போன் பண்ணுவாங்க. தலைப்பு வரியில் பக்க எண்ணும் மொத்தப் பக்கமும் வர்ற மாதிரி வையுங்க.

ராயபுரம்_நெட்வொர்க்

ஓஎன்டி-யையும் சர்வரையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்க. கரன்ட் ஒரு நொடி போய் வந்தாலும் ஓஎன்டி ரீபூட் ஆகி போன் ரிஜிஸ்டர் ஆக நேரம் பிடிக்கும், அதுவரை வர்ற கால் எல்லாம் போச்சு. ஹார்பர் காத்து அடிக்கிற ஏரியா, ஆர்ஜே11 (போன் வயரின் முனை) பின் பச்சை பிடிக்கும். அக்டோபர் மழைக்கு முன்னாடி ஓஎன்டி-யிலிருந்து மோடத்துக்குப் போற அந்த ஒரு மீட்டர் வயரை மட்டும் புதுசா மாத்திடுங்க.