புள்ளலூர்ப் போர் (1780) டயோரமா: எந்த அளவு, எந்தக் கணம், எந்தச் சான்று?

பாலாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வாட்டர்லூ காலத்துப் பிரெஞ்சு, பிரித்தானியக் காலாட்படை வீரர்களை 1/72 அளவு (உண்மையில் 72-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் உருவங்களில் சில ஆண்டுகளாக வண்ணம் தீட்டி வருகிறேன். நம் மண்ணில் நடந்த ஒரு போரை டயோரமாவாக, அதாவது நிலமும் உருவங்களும் சேர்ந்த முப்பரிமாணக் காட்சியாக, செய்ய வேண்டும் என்ற எண்ணம் இப்போது வலுத்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் வில்லியம் பெய்லி நடத்திச் சென்ற கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) படையை ஐதர் அலியும் திப்புவும் சூழ்ந்து முறியடித்த போரையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

என்னிடம் 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள பலகை ஒன்று இருக்கிறது. முடிந்தபின் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாகத் திட்டம். பழகிய 1/72 அளவிலேயே தொடர்வதா, 28 மி.மீ. உருவங்களுக்கு மாறுவதா என்பதில் தெளிவில்லை. சீருடைகளுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தை மட்டும் நம்பலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன். கடைசியாக ஒன்று: நான் சென்னையில் கடலுக்கு அருகில் வசிக்கிறேன். ஸ்பிரே பிரைமரும் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மேட் வார்னிஷும் (பளபளப்பற்ற மேற்பூச்சு) சில சமயம் வெண்மையாகப் பூத்துவிடுகின்றன. இதற்கு நீங்கள் கையாளும் முறை என்ன?


தூரிகைமுனை எழுதியது:

நல்ல பொருளை எடுத்திருக்கிறீர்கள், நண்பரே. அளவை முடிவு செய்யும் முன் உங்கள் பலகை எவ்வளவு நிலத்தைக் காட்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 28 மி.மீ. உருவங்களை ஏறத்தாழ 1/56 என்று கொண்டால், பலகையின் நீளம் 34 மீட்டரும் அகலம் 25 மீட்டரும் ஆகும். 1/72 அளவில் அது 43 மீட்டருக்கு 32 மீட்டர். 6 மி.மீ. உருவங்களுக்கு இறங்கி 1/300 என்று வைத்தாலும் 180 மீட்டருக்கு 135 மீட்டர்தான் கிடைக்கும். பெய்லியிடம் அன்று ஏறத்தாழ 3,800 பேர் இருந்தார்கள். அவர்களைச் சூழ்ந்த மைசூர்ப் படையோ அதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே எந்த அளவை எடுத்தாலும் முழுப் போர்க்களமும் உங்கள் பலகையில் அடங்காது. அடங்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

இந்த இடத்தில் பிரித்தானியப் படை அதிகாரி வில்லியம் சைபோர்ன் செய்த வாட்டர்லூ மாதிரியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1830இல் அவர் வாட்டர்லூவுக்கே சென்று, லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் பல மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். 1838இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்த மாதிரி இன்று செல்சியில் உள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மைல் நிலத்துக்கு ஒன்பது அடி என்பது அவர் கொண்ட அளவு. அதே அளவில் மனிதனைச் செய்தால் மூன்று மில்லிமீட்டர் உயரம்தான் வரும் என்பதால், வீரர்களை நிலத்தின் அளவைவிடப் பெரியதாக வார்த்தார். இரண்டு மனிதருக்கு ஓர் உருவம் என்ற கணக்கில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்களை நிறுத்தினார். அவ்வளவு பெரிய மாதிரியிலேயே நிலத்துக்கு ஓர் அளவும் மனிதருக்கு வேறோர் அளவும் தேவைப்பட்டன.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. போரில் பங்குகொண்டு உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதியபோது, மாலை ஏறத்தாழ ஏழு மணிக்கு, நெப்போலியனின் மெய்க்காவல் படையான இம்பீரியல் கார்டு தாக்கிய அந்த வேளையில் உங்கள் படைப்பிரிவு எங்கே நின்றது, எந்த அணிவகுப்பில் நின்றது, எதிரே இருந்த பயிர் எது என்று அவர் கேட்டார். கணத்தை முதலில் நிறுத்திவிட்டுத்தான் சான்றைத் தேடினார். அப்படி இருந்தும், அந்தக் கணத்தில் பிரஷியப் படை எவ்வளவு முன்னேறியிருந்தது என்ற சச்சரவு அவரை விடவில்லை.

நீங்களும் ஒரு கணத்தைத் தேர்ந்தெடுங்கள். பெய்லியின் படை சதுரமாக நின்றது, நடுவே வெடிமருந்து வண்டிகள் வெடித்தன, அதன்பின் மைசூர்க் குதிரைப்படை உள்ளே புகுந்தது என்பது யாவரும் அறிந்த வரிசை. பலரும் வெடிப்பையே செய்ய ஆசைப்படுவார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தீயையும் புகையையும் ஓவியன் ஒரே வீச்சில் காட்டிவிடுவான். பஞ்சும் சிறுவிளக்கும் வைத்துச் செய்த வெடிப்போ, எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், பக்கத்தில் நிற்கும் மனிதர்களின் மெய்ம்மையைக் கெடுத்துவிடும். வெடித்துச் சில நிமிடங்கள் ஆன பின்னர், சிதறிய சக்கரமும் கருகிய தரையும் வரிசையில் விழுந்த இடைவெளியும் அதை மூட முயலும் வீரர்களுமாக, சதுரத்தின் ஒரு மூலையை மட்டும் 28 மி.மீ. அளவில் செய்தால் நாற்பது உருவங்களே போதுமானவையாக இருக்கும். முகங்களும் தெரியும்.


மரப்பாச்சி எழுதியது:

தூரிகைமுனை சொன்ன கணத்தை நானும் ஆதரிக்கிறேன். சான்றுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தரியா தௌலத் சுவரோவியம் போர் நடந்து நான்கே ஆண்டுகளில், 1784இல், திப்புவின் ஆணைப்படி தீட்டப்பட்டது. பல்லக்கில் பெய்லி, அவரைச் சுற்றிச் சதுரமாக நிற்கும் செங்கோட்டு வீரர்கள், வெடிக்கும் வண்டி, தொலைநோக்கியோடு பிரெஞ்சு அதிகாரி லாலி என்று அதன் அமைப்பு மிகுந்த மதிப்புடையது. ஆனால் இன்று நாம் சுவரில் பார்க்கும் நிறங்கள் 1784இன் நிறங்கள் அல்ல. இடையில் அது சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டது. 1799க்குப் பின் அந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி அதை மீட்டெடுக்கச் செய்தார். பின்னர் ஆளுநர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில் மறுபடியும் தீட்டப்பட்டது. அந்த வெல்லெஸ்லிதான் பின்னாளில் வாட்டர்லூவில் வென்ற வெல்லிங்டன் என்பது உங்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். இதே காட்சியைத் தாளில் தீட்டிய படிகளும் உள்ளன. பத்துத் தாள்களில் ஏறத்தாழ 32 அடி நீளமுள்ள ஒரு படி 2022இல் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்கு விற்றது. அதன் படங்கள் இணையத்தில் தெளிவாகக் கிடைக்கின்றன. யார் எங்கே நின்றார் என்பதற்குச் சுவரோவியத்தையும், நிறத்துக்கு வேறு சான்றுகளையும் நாடுங்கள் என்பதே என் கருத்து. வென்றவரின் மாளிகையில் வரையப்பட்டது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

புள்ளலூருக்கு நேரில் போகும் எண்ணம் இருந்தால் அங்குள்ள கூம்புத்தூண் நினைவுச்சின்னங்களைப் பார்ப்பீர்கள். அவை 1781 ஆகஸ்ட் 27 அன்று அதே இடத்தில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் நடத்திய இரண்டாம் போரில் இறந்த அதிகாரிகளுக்கானவை. அவற்றை 1780 காட்சியோடு சேர்த்துவிட வேண்டாம்.

உருவங்களைப் பொறுத்தவரை, உங்களிடம் உள்ள வாட்டர்லூ வீரர்கள் இதற்குப் பயன்பட மாட்டார்கள். உயர்ந்த ஷாக்கோ தொப்பியும் குட்டைக் கோட்டும் முப்பத்தைந்து ஆண்டுகள் பிந்தியவை. காலத்தால் மிக நெருங்கியவை அமெரிக்க விடுதலைப் போர் உருவங்கள். நாட்டிங்ஹாம் பெர்ரி நிறுவனத்தின் 28 மி.மீ. வரிசையில் அவை பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் கிடைக்கின்றன. கும்பினியின் ஐரோப்பிய வீரர்களை அவற்றிலிருந்து ஆக்கலாம். சிப்பாய்களுக்குச் சிவப்பு மேலங்கியை வைத்துக்கொண்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேலே வெட்டி, கீழே வெறுங்காலைச் செதுக்கி, தொப்பிக்குப் பதில் தலைப்பாகை சுற்ற வேண்டியிருக்கும். தலைப்பாகைக்கு மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாகும், பிசைந்து செதுக்கும் இருபாக எபாக்சிப் புட்டி (putty) சிறந்தது. எம்-சீல் தரைக்கும் பாறைக்கும் சரிவரும். துணி மடிப்பின் நுண்மை அதில் நிற்காது. 1/72 பிளாஸ்டிக்கில் இந்த வேலை கடினம், ஏனெனில் அந்த மென்மையான பிளாஸ்டிக் கத்திக்குப் பிசிறும், பசையையும் எளிதில் ஏற்காது.

சிவப்பிலும் ஒரு வேறுபாடு காட்டுங்கள். அக்காலப் பிரித்தானியப் படையில் சாதாரண வீரரின் கோட்டு மஞ்சிட்டி வகைச் சாயத்தில் தோய்ந்த செங்கல் சிவப்பு. அதிகாரியின் கோட்டு கோச்சினீல் பூச்சிச் சாயத்தின் பளிச்சென்ற சிவப்பு. ஒரே குப்பியிலிருந்து எல்லாருக்கும் பூசினால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும். மைசூர் வீரருக்குப் புலிவரி மேலங்கி அணிவிக்கும் ஆசை எழும். திப்பு 1782 இறுதியில் ஆட்சிக்கு வந்த பிறகே அந்த வரி அவருடைய அரசின் அடையாளமாகப் பெயர்பெற்றது. ஐதர் உயிரோடிருந்த 1780இல் எல்லாருக்கும் அதைப் போடுவது சான்றைத் தாண்டிய செயல் என்று கருதுகிறேன்.


பாலாறு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 28 மி.மீ., சதுரத்தின் ஒரு மூலை, வெடிப்புக்குப் பின் என்று முடிவு செய்துவிட்டேன். மைசூர் ராக்கெட்டுகளைக் காட்டியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். வெடிமருந்து வண்டியைப் பற்றவைத்தது ராக்கெட்தானே? அதன் அளவுக்கு நம்பத்தக்க ஆதாரம் உண்டா?


மரப்பாச்சி எழுதியது:

ராக்கெட்டா பீரங்கிக் குண்டா என்பதில் நூல்கள் ஒன்றுபடவில்லை. நீங்கள் வெடிப்புக்குப் பிந்திய கணத்தைத் தேர்ந்தெடுத்திருப்பதால் அந்த வழக்கைத் தீர்க்க வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. தரையில் எரிந்து கிடக்கும் ஒன்றிரண்டு ராக்கெட்டுகளே போதும். அவை களத்தில் இருந்தன என்பதில் ஐயமில்லை.

அளவுக்குப் பொருள் ஆதாரமே இருக்கிறது. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில் 2018இல் ஒரு பழைய கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட் குழல்கள் வெளிவந்தன. அவை 23 முதல் 26 செ.மீ. வரை நீளமுடையவை. அவை புள்ளலூருக்குச் சற்றுப் பிந்தியவையாக இருந்தாலும் வடிவத்துக்கு வழிகாட்டும். 1/56 அளவில் குழல் நான்கு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரு மில்லிமீட்டர் கம்பியை நறுக்கினால் போதும். நான்கடி மூங்கில் கழிக்கு 22 மி.மீ. வரும், மெல்லியதாகச் சீவிய தென்னை ஈர்க்கு அதற்கு நன்றாகப் பொருந்தும்.


ஈயச்சிப்பாய் எழுதியது:

தாமதமாக வருகிறேன். கடலோர ஈரப்பதத்தில் ஸ்பிரேயை நம்பாதீர்கள். வார்னிஷ் துளிகள் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து படியும்போதுதான் அந்த வெண்மை உண்டாகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது மிகுதி. தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமரையும் தூரிகையால் பூசும் மேட் வார்னிஷையும் வாங்கிக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை. இரண்டு மெல்லிய பூச்சுகள் ஒரு தடித்த பூச்சைவிட மேலானவை. நம் வெயிலில் வண்ணம் தூரிகை முனையிலேயே காய்ந்துவிடும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் நனைந்த பஞ்சை விரித்து, அதன்மேல் கேக் தட்டுக்குப் போடும் தாளைப் பரப்பி, அதில் வண்ணம் கலக்குங்கள். மிகச் சிறிய தூரிகை வேண்டாம். அதில் வண்ணம் நிற்காது. கூர்முனையுள்ள ஒன்றாம் எண் தூரிகையால் கண்ணிமை வரை வரைந்துவிடலாம்.

சிவப்புக்கு வெளிச்சம் ஏற்றும்போது வெள்ளையைக் கலந்தால் இளஞ்சிவப்பாகிவிடும். ஆரஞ்சையோ தோல்நிறத்தையோ கலந்து ஏற்றுங்கள். நிழலுக்குக் கறுப்புக்குப் பதில் அடர்பழுப்பு நன்று. சிறிய பொருளில் எந்த நிறமும் உள்ளதைவிட இருண்டு தோன்றும் என்பதால் எல்லா நிறங்களையும் ஒரு படி வெளிறவைத்துத் தொடங்குவது என் வழக்கம்.

முகங்களைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சதுரத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர் அல்லர். கும்பினி கர்நாடகப் பகுதியிலும் வடசர்க்கார் (இன்றைய ஆந்திரக் கடலோரம்) பகுதியிலும் திரட்டிய சிப்பாய்கள். வெளிநாட்டு டயோரமாக்களில் இவர்கள் எல்லாருக்கும் ஒரே பழுப்பைப் பூசி நகர்ந்துவிடுகிறார்கள். நம்மவர் அப்படிச் செய்யலாகாது. கருமையும் மாநிறமும் செம்மை கலந்த பழுப்புமாகக் குறைந்தது நான்கு அடிநிறங்கள் கலந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே தீட்டுங்கள். பீரங்கியையும் வண்டியையும் இழுத்தவை காளைகள். அவற்றை ஓட்டியவர்களும் சுமையாட்களும் அந்த நாளில் அங்கே இருந்தார்கள். படைப்பட்டியலில் பெயர் இல்லாத அவர்களுக்கு உங்கள் பலகையில் ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 28 மி.மீ. அளவுக்கு நம் மாட்டின் திமிலுள்ள உருவம் கிடைப்பது அரிது. காஞ்சிபுரத்துக் கொலு பொம்மைக் கலைஞர்களின் காளைகளைப் பார்த்துச் செதுக்குங்கள், அந்தத் திமிலின் வளைவு அவர்கள் கைக்கு நன்கு தெரியும்.

தரையை வறண்ட செம்மண்ணாகச் செய்துவிடாதீர்கள். ஆகஸ்ட் இறுதியில் கொசத்தலை ஆற்றில் வெள்ளம் வந்து பெய்லியைப் பல நாள் தடுத்து நிறுத்தியது. ஆகவே செப்டம்பர் பத்தாம் நாள் புல்லில் பசுமை இருந்திருக்க வேண்டும். தோட்டத்து மண்ணைப் பயன்படுத்தினால் சலித்து, வாணலியில் நன்றாக வறுத்த பிறகே ஃபெவிகாலில் கலக்க வேண்டும், இல்லையேல் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். பசை மண்ணைக் கறுக்கச் செய்யும் என்பதால் காய்ந்தபின் மேலே நிறம் தீட்டியே ஆக வேண்டும்.

உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்வாக அராவாமல் தண்ணீரில் நனைத்து அராவுங்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். பெட்டிக்குப் புது மரமோ பிளைவுட்டோ வேண்டாம். மூடிய இடத்தில் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும், அருங்காட்சியகங்களே இதனால் அல்லற்பட்டிருக்கின்றன. அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போதும். அடியில் சிறு காற்றுத்துளை விடுங்கள். பெட்டியின் உயரத்தை மட்டும் இப்போதே முடிவு செய்யாதீர்கள்: 15 மீட்டர் பனை ஒன்று இந்த அளவில் 27 செ.மீ. வரும், ஆகவே ஓரத்தில் ஒரு பனையாவது நிற்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், அட்டையில் அதை வெட்டிப் பலகைமேல் நிறுத்திப் பார்த்த பிறகே கண்ணாடிக்கு அளவு கொடுங்கள்.