வால்வு கோளாறும் விடாத காய்ச்சலும்: பக்கவாதம் வரை போகுமா?

அல்சூர்வாசி:
பெங்களூருலதான் இருக்கோம். அத்தைக்கு 52 வயசு, சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சலால இதயத்துல மைட்ரல் வால்வு கெட்டிருக்கு. 3 வாரமா சாயந்திரமானா குளிர் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்புல ஆன்டிபயாட்டிக் வாங்கி 5 நாள் போட்டா நிக்குது, விட்டா திரும்ப வருது. இதனால பக்கவாதம் வரும்கிறாங்களே, காய்ச்சலுக்கும் மூளைக்கும் என்னங்க சம்பந்தம்?

எக்கோ அறை:
இருக்குங்க. கெட்டுப்போன வால்வுல கிருமி ஒட்டிக்கும், எண்டோகார்டைட்டிஸ்னு பேரு, அதுவான்னு பாக்கணும். அது மேல ரத்தத்தை உறைய வைக்கிற ஃபைப்ரினும் தட்டணுவும் படிஞ்சு காலிஃபிளவர் துணுக்கு மாதிரி வளரும், வெஜிடேஷன்னு சொல்வோம். ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வோட சேர்ந்து அதுவும் ஆடும். பிஞ்சு வந்த துண்டு கழுத்து ரத்தக்குழாய் வழியா மூளைக்குப் போய் அடைச்சிடும். 10 மில்லிமீட்டருக்கு மேலன்னா ஆபத்து கூடுதல். நெஞ்சு மேல வச்சுப் பாக்குற எக்கோவுல (இதய ஸ்கேன்) சின்னது தப்பிடலாம், அதனால "நார்மல்"னு வந்தாலும் விட்டுடாதீங்க. உணவுக்குழாய் வழியா எடுக்கிற எக்கோ வேணுமான்னு கேளுங்க.

கல்ச்சர் பாட்டில்:
மாத்திரையை நீங்களா மறுபடி ஆரம்பிக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். அரைகுறை மருந்து காய்ச்சலை அடக்கும், வெஜிடேஷனுக்குள்ள இருக்கிற கிருமியைக் கொல்லாது. ரத்தத்துல கிருமியை வளர்த்துப் பாக்குற கல்ச்சர் டெஸ்ட்லயும் ஒண்ணும் வளராமப் போகலாம், எந்த மருந்து கேக்கும்னு தெரியாமப் போயிடும். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆன்டிபயாட்டிக் ஏத்துறதுக்கு முன்னாடி கல்ச்சருக்கு 3 செட் ரத்தம், வேற வேற இடத்துல குத்தி, பாட்டிலுக்கு 8-10 மில்லி. 2 மில்லி எடுத்தா கிருமி சிக்காமப் போகலாம். சாப்பிட்ட மாத்திரையோட காலி அட்டையைக் கையோட கொண்டு போங்க. எண்டோகார்டைட்டிஸ்னு உறுதியானா பொதுவா 4-6 வாரம் ஊசி மருந்து. சரியான மருந்து ஏறின முதல் 2 வாரத்துக்குள்ளயே பக்கவாத ஆபத்து வேகமா இறங்கிடும், அதான் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாதுங்கிறது.

நரம்பியல் வார்டு:
வாய் கோணினா, ஒரு கை தொங்கினா, பேச்சு குழறினா 108. வாசல்லயே "வால்வு நோய், 3 வாரக் காய்ச்சல்"னு சொல்லிடுங்க. சாதாரணப் பக்கவாதத்துக்கு 4.5 மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடுவாங்க. இங்க ரத்தக்குழாய்ச் சுவரையே கிருமி அரிச்சிருக்கலாம், அந்த ஊசியால மூளையில ரத்தம் கசியலாம். பெரிய குழாய் அடைப்புன்னா கதீட்டர்ங்கிற மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுக்கப் பாப்பாங்க. வீட்டுல ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுறாங்கன்னா அதையும் சொல்லுங்க.

அல்சூர்வாசி:
ரொம்ப நன்றிங்க, இப்பவே ஜெயதேவா இதய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அசிட்ரோம் இல்லை. நகத்துக்கு அடியில செம்பழுப்பா 2 கோடு இருக்கு, முள்ளு குத்தினதுன்னு நினைச்சோம்.

எக்கோ அறை:
அதை டாக்டர்கிட்ட மறக்காமக் காட்டுங்க. அடிபட்டாலும் அப்படி வரும், ஆனா இந்தக் காய்ச்சலோட சேர்ந்து வந்தா முக்கியமான தடயம்.