'சிப்ளிங் ஸ்பீசீஸ்': மயங்குருச் சிற்றினம் எனலாமா?

வணக்கம்.

பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தும் உண்மையில் வெவ்வேறான, நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களை (species) 'சிப்ளிங் ஸ்பீசீஸ்' என்கிறார்கள். கொசு வகைப்பாட்டில் வரும் இந்தச் சொல்லுக்கு 'உடன்பிறப்புச் சிற்றினம்' போதும் என்று நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது உறவைச் சொல்கிறது, நம்மைத் திணறடிக்கும் சங்கதியைச் சொல்லவில்லை. டிங்கி பரப்பும் ஏடிஸ் எஜிப்தி, ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுக்கள் இரண்டும் நெருங்கிய உறவுதான். ஆனால் முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஒன்றில் யாழ் வடிவத்தில் வெள்ளைக் கோடுகள், மற்றதில் நடுவே ஒற்றைக் கோடு. இங்கே பினாங்கில் டிங்கி பற்றிச் சொல்லிக்கொடுக்கும்போது, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளே பூதக்கண்ணாடியை வைத்துப் பிரித்துவிடுகிறார்கள்.

மலேரியா பரப்பும் அனாபிலிஸ் டைரஸ் கொசுக் கூட்டத்தில் அந்தப் பாச்சா பலிக்காது. பின்னங்கால் மூட்டில் அகலமான வெள்ளைப் பட்டை எல்லாவற்றுக்கும் உண்டு. பஹாங், குவாலா லிப்பிஸ் பக்கம் குரங்கு மலேரியாவை மனிதருக்குக் கடத்தும் அனாபிலிஸ் கிராசன்ஸுக்கு 2005 வரை தனிப்பெயரே இல்லை, 'டைரஸ் பி' என்றுதான் குறித்தார்கள். குரோமோசோமையும் மரபணு வரிசையையும் பார்த்துத்தான் இவற்றை உறுதியாகப் பிரிக்க முடிகிறது.

பெயர் பிரிப்பது வெறும் ஏட்டு வேலையும் அல்ல. ஐரோப்பாவில் சில ஊர்களில் அனாபிலிஸ் மண்டிக் கிடந்தும் மலேரியா வராதது பெரிய புதிராக இருந்தது. 1926-இல் இத்தாலிய ஆய்வாளர் ஃபல்லரோனி முட்டைகளின் மேலிருந்த கோலத்தைக் கவனித்தார். ஒரே சிற்றினம் என்று நினைத்த அனாபிலிஸ் மாக்குலிபென்னிஸ் பலவாகப் பிரிந்தது. சில மனிதரைத் தேடிக் கடிப்பவை, சில மாட்டோடு நின்றுவிடுபவை.

'மறைச் சிற்றினம்' என்ற யோசனையும் வந்தது. கொசு எங்கே மறைந்தது? கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது, மயங்குவது நம் கண். ல, ழ, ள-வை மயங்கொலி என்கிறோம் அல்லவா? காதுக்கு நெருக்கம், பொருளோ வேறு. அதே அச்சில் மயங்கு + உரு, மயங்குரு. 'மயங்குருச் சிற்றினம்' என்றால் தமிழ் படித்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மொத்தக் கூட்டத்தை 'மயங்குருத் தொகுதி' எனலாம்.

'சிற்றினம்' வேண்டாம், 'இனம்' போதும் என்பவர்களுக்கு ஒன்று: மலேசியாவில் இனம் என்றதும் மலாய், சீனர், இந்தியர் என்றுதான் மனம் போகும். சிற்றினமே இருக்கட்டும்.

முட்டையில் வேறுபாடு தெரிந்தால் 'மயங்குரு' தகுமா என்று கேட்கலாம். முதிர்கொசுவின் உருவைத்தான் குறிக்கிறோம் என்று வரையறையிலேயே சொல்லிவிடலாம். அப்புறம், கலைச்சொல் பட்டியலுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்: "கிராசன்ஸ், டைரஸ் தொகுதியைச் சேர்ந்த மயங்குருச் சிற்றினம்." புணர்ச்சியில் பிழை இருந்தால் இலக்கணம் அறிந்தவர்கள் திருத்துங்கள்.