மறு: கிரீன் ஸ்பீடுக்குத் தமிழ்ச்சொல்: ‘புல்வேகம்’ சரியா?

> குளிர்காலத்தில் வீட்டுக்குள் பட்டிங் (கோல்ஃபில் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விழச்செய்யும் அடி) பழகுவோருக்கான கையேட்டில் ‘கிரீன் ஸ்பீடு’ (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தளத்தில் பந்து எவ்வளவு தடையின்றி ஓடும் என்பது) அடிக்கடி வருகிறது. ‘புல்வேகம்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம். மினசோட்டாவிலோ ஒன்ராறியோவிலோ மைதானம் பனியில் மூடிக் கிடக்கும்போது வீட்டில் விரிப்பது நைலான் விரிப்பு. அங்கே புல்லே கிடையாது. ‘வேகம்’ அதைவிடச் சிக்கல். கிரீன் ஸ்பீடை அளக்க எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935இல் உருவாக்கிய கருவியின் (ஸ்டிம்ப்மீட்டர்) உயிர்நாடியே பந்து எப்போதும் ஒரே வேகத்தில் இறங்குவதுதான். இன்றைய கருவி 36 அங்குல அலுமினியச் சட்டம். கீழ்முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு வெட்டு. அதில் பந்தை வைத்து மேல்முனையை மெல்லத் தூக்கினால், சுமார் 20 பாகைச் சாய்வில் பந்து தானாக இறங்கும். இறங்கிய பந்து எத்தனை அடி ஓடி நிற்கிறது என்பதே அளவு. ஆகவே ‘உருள்தூரம்’ என்பேன்.

> ஆகவே ‘உருள்தூரம்’ என்பேன்.

ஐயா, காரணம் சரி. ஆனால் அடித்த பந்து உருண்ட தூரத்துக்கும் அந்தச் சொல் வேண்டுமே! ‘உருள்தூரம் 10 உள்ள விரிப்பில் 6 அடி உருள்தூரம்’ என்றால் படிப்பவர் திணறுவார். தளத்தின் தன்மைக்கு ‘உருளெண்’, கருவிக்கு ‘உருள்மானி’ என்பது என் பரிந்துரை.

கையேட்டில் அளக்கும் முறையையும் சேருங்கள். மூன்று பந்து உருட்டிச் சராசரி எடுத்து, பிறகு எதிர்த்திசையிலும் அதே கோட்டில் உருட்டுவது மைதான வழக்கம். சரிவின் பாதிப்பு பெரும்பாலும் அதில் கழிந்துவிடும். விரிப்பில் இரண்டையும் கலக்கக்கூடாது. விரிப்பின் இழைகள் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும். படிந்த திசையில் பந்து அதிகம் ஓடும், எதிர்த்தால் குறையும். பழகுபவர் அடிப்பது ஒரே திசையில் என்பதால், அந்தத் திசையின் உருளெண்ணை மட்டும் குறிக்க வேண்டும். முனையில் மேடேறிக் குழிக்குப் போகும் விரிப்புகளில் சமதளப் பகுதியில்தான் அளக்கலாம். அந்த மேட்டுக்கென்று ஓங்கி அடித்தே பழகிய கை, ஏப்ரலில் மைதானம் திறந்ததும் குழியைத் தாண்டி அடிக்கும்.

> உருளெண்

அருமை. என் ஒப்புதல்.

அறை நீளம் போதாதவர்களுக்கு ஒரு குறிப்பு. 2013இல் வந்த உருள்மானியின் மறுபக்கத்தில் இன்னொரு வெட்டு உண்டு. அதிலிருந்து விட்டால் பந்து பாதித் தூரமே ஓடும், இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் 90 பாகை அலுமினியக் கோணச் சட்டத்தை வெட்டிச் செய்தால் எண் ஒத்துவராது. அசல் கருவியில் பந்து இறங்கும் V வடிவப் பள்ளம் 145 பாகை விரிவு. பள்ளம் குறுகினால் பந்து தன் பக்கவாட்டில் தொட்டு உருளும். சுழற்சி கூடி, முன்னோக்கிய வேகம் குறையும். வீட்டுச் சட்டத்தை வைத்து இரண்டு விரிப்புகளை ஒப்பிடலாமே தவிர, அந்த எண்ணை உருளெண் என்று எழுதக்கூடாது.

அகராதிப் பதிவு: உருளெண் (பெ.) – உருள்மானியிலிருந்து இறங்கிய பந்து சமதளத்தில் ஓடி நிற்கும் தூரம், அடியில்.

‘பட்டிங்’கை இப்போதைக்கு அப்படியே விடுவோம், ‘உருட்டடி’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.