மெதனோலின் காபன் கீற்றோனில் போய் ஒட்டுவது எப்படி?

ஹப்புத்தளை_தேவி:
உயர்தரத்தில் சலிசிலிக் அமிலத்தோடு மெதனோலும் துளி சல்பூரிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கினோம். ஓகஸ்ட் மாத ஊவாத் தேயிலையில் வரும் அதே மணம், மெதயில் சலிசிலேற்று. அங்கே மெதனோல் தன் ஒட்சிசனோடேயே ஒட்டிக்கொண்டது, அது புரிகிறது. இப்போது கம்பஸில், ருதேனியம் ஊக்கி இருந்தால் மெதனோலின் காபன் நேரே கீற்றோனின் அல்பா காபனில், அதாவது C=O கூட்டத்துக்கு அடுத்த காபனில், சேரும் என்கிறார்கள். ஐதரொட்சில் லேசில் விலகாத கூட்டம் என்றுதானே படித்தோம்?

பேராதனை_பழசு:
தங்கச்சி, ஒரு கூட்டம் விலக இன்னொன்று வந்து சேரும் பிரதியீட்டுத் தாக்கம் என்று நினைப்பதால்தான் குழப்பம். இது கைமாற்று. ஊக்கி மெதனோலிலிருந்து இரண்டு ஐதரசனை வாங்கி வைத்துக்கொள்ளும். மிஞ்சுவது போமல்டிகைட்டு. காரம் இருப்பதால் அது கீற்றோனின் அல்பா காபனோடு இணையும் (அல்டோல் ஒடுக்கம்), நீர் போகும், இரட்டைப் பிணைப்பு வரும். அந்த இடத்தில் ஊக்கி வாங்கிய ஐதரசனைத் திருப்பிக் கொடுத்துவிடும். மெதயில் ரெடி! நீராகப் போனது உங்கள் ‘விலகாத’ ஐதரொட்சிலின் ஒட்சிசன்தான். கழிவு என்று வேறொன்றும் இல்லை.

பதுளை_லேப்:
இவ்வளவு சுற்று எதற்கு? மெதயில் அயடைட்டு ஊற்றினால் முடிந்ததே.

பேராதனை_பழசு:
ஊற்றலாம், நஞ்சையும் அயடைட்டு உப்பையும் யார் அள்ளுவது? கீற்றோனுக்குப் பதில் நைதரசன் உள்ள அமீன் என்றால் ஒரு மெதயிலோடு நிற்கவும் மாட்டாது, நைதரசனில் நான்கு கூட்டங்கள் ஏறிய நாற்பகுதி உப்பு வரை ஓடிவிடும். ஆனால் மெதனோலும் லேசான ஆள் இல்லை. ஐதரசனைக் கழற்ற எதனோலுக்கு மூலுக்கு 68 கிலோயூல் அளவில் போதும், இதற்கு 84. அதனால்தான் மற்ற அற்ககோல்கள் முந்திக்கொண்டன. 2014இல் ஒக்ஸ்போர்ட்டின் டொனஹோ குழு உரோடியத்தை வைத்து, ஒட்சிசன் சூழலில், 65 பாகையிலேயே கீற்றோனில் மெதயிலை ஏற்றிக் காட்டியது. இப்போது மலிவான மாங்கனீசும் வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஹட்டன்_வாத்தியார்:
தேவி பிரதியீடு என்று நினைத்ததும் முழுக்கத் தவறில்லை. அசற்றிக் அமிலத் தொழிற்சாலையில் காபன்–ஒட்சிசன் பிணைப்பை நேராகவே உடைக்கிறார்கள். ஐதரசன் அயடைட்டு மெதனோலை மெதயில் அயடைட்டாக்கும், உரோடியம் அதில் காபனோரொட்சைட்டைச் செருகும். 1996இல் வந்த கட்டிவா முறையில் உரோடியத்துக்குப் பதில் இரிடியம்.

ஹப்புத்தளை_தேவி:
சரி, அப்போ ஐதரசன் எல்லாம் டியூட்டீரியமாக (பாரமான ஐதரசன்) உள்ள மெதனோலைப் போட்டால்?

பேராதனை_பழசு:
நல்ல கேள்வி. மெதயிலில் மூன்றும் டியூட்டீரியமாக வரும். இரண்டு போமல்டிகைட்டோடு வந்தவை, மூன்றாவது ஊக்கி பிடித்து வைத்திருந்தது.